கடன் தீர்க்கும் முறைமை

கடன் என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் தந்து நிற்பது. செய்தற்குரிய முறைமை என்பது ஒன்று. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்பது மற்றொன்று. பொன்முடியார் பாடிய புறநானூற்றுச் செய்யுளில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரியனவாகக் கூறப்படுங் கடன் முன்னையது. வங்கிக்கும் கடைக்காரருக்கும் உரியதாக நாம் ஈண்டுக் கூறப்புகுவது பின்னையது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் முன்னைய பொருளை விளக்கிவந்த நாம், பின்னைய பொருளை நாற்பது வயது கடந்தபின்பே செவ்வையாகப் படித்தோம். விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவது இலக்கியக் கட்டுரையாகவே இருத்தல் வழக்கம். எனினும், பயன்படுவது எதனையும் எழுதலாமென மலர்க்குழுவினர் கூறியமையின், வெட்கத்தை ஒருபுறம் வைத்து இதனை எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணத்தார்க்குக் கடன் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், தொகுக்கப்பெற்ற தேசவழமையில் ஈடு, ஒற்றி, அடைவு என்பன தத்தமக்குரிய விதிகளோடு இடம்பெற்றுள்ளன. காணியை ஒற்றி வைத்தவர் வட்டி கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகக் காணியின் விளைவை ஒற்றி பிடித்தவர் அனுபவிப்பார். பிற்காலத்தில், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஐக்கிய நாணய சங்கங்கள் எழுந்தன. ஊரார் தம்முட் சேர்த்த பணத்தை ஊரார்க்கே கடனாகக் கொடுத்தனர். இவற்றிலெல்லாம் கொடுத்தவரும் பட்டவரும் ஒருவரையொருவர் முகமறிந்தவர். பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு ஒரு கடன், அதற்கு ஓர் உறுதி, அதற்கொரு காணி.

இன்றைய நிலை வேறு. ஒரு வீட்டிலே அலுமாரிக்குள் அடைவுச் சீட்டு, சட்டைப்பையிற் கடனட்டை, வாசலில் லீசிங் மோட்டார்ச் சைக்கிள், சம்பளப் பட்டியலில் இடர்கடன் கழிவு, மாதந்தோறும் சீட்டுக்காசு, மாமியாரிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வட்டி, வெவ்வேறு நாள், வெவ்வேறு குரலில் வரும் தொலைபேசி அழைப்பு. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சிறியது போலவே தோன்றும். கூட்டிப் பார்ப்பார் இல்லை. கூட்டிப் பாராமல் இருத்தற்பொருட்டே பலர் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கின்றனர் என்பது எம் துணிபு. நாமும் அப்படியே வைத்திருந்தோம்.

இத்தகைய பல கடன்களை ஒருங்கு திரட்டி, வருவாயில் அவசியச் செலவு போக எஞ்சுவதை எல்லாக் கடன்காரருக்கும் முறையாகப் பங்கிட்டுக் கொடுப்பதையே மேனாட்டார் கடன் முகாமைத் திட்டம் என்பர். பிரித்தானியாவில் இதனைக் கட்டணமின்றிச் செய்து கொடுக்கும் அறநிலையங்கள் உள்ளன. 1993 இல் தோன்றிய ஸ்ரெப்சேஞ்ச் என்பது அவற்றுட் பெயர்பெற்றது. கடன்பட்டவர் மாதம் ஒரு தொகையை அந்நிலையத்திடம் கொடுப்பார். அது கடன்காரருடன் பேசி, வட்டியை நிறுத்தவோ குறைக்கவோ கேட்டு, தொகையைப் பிரித்து அனுப்பும். இது சட்டத்தால் எவரையும் பிணிப்பதன்று. இருதிறத்தாரும் இசைந்து நடக்கும் ஏற்பாடேயாம். அன்றியும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் நடைமுறையிலுள்ள ஓர் ஏற்பாட்டின்படி, ஆலோசகர் ஒருவரை நாடிய கடனாளியை 60 நாள்வரை பெரும்பாலான கடன்காரர் வட்டியாலும் வசூலிப்பாலும் நெருக்குதல் ஆகாது. இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் சிலர், ஊருக்கு அனுப்பிய பணத்தையும் கடனட்டையிலேயே எடுத்து அனுப்பியவர்கள், இதனை அறிந்திருப்பின் நலம். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே பணியைச் செய்யும் கம்பனிகளும் அங்குள. இலவசமாகக் கிடைப்பதை விலைகொடுத்துப் பெறவேண்டா.

நம் நாட்டில் இத்தகைய பொது நிலையம் எதனையும் நாம் நாடிச் செல்ல வாய்க்கவில்லை. ஆதலின், நாமே தாளும் பேனாவும் எடுக்க வேண்டியதாயிற்று. அது நேர்ந்தவாற்றைச் சொல்லுவோம்.

2022 ஆம் ஆண்டை வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஏப்ரில் 8 ஆந் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் நூற்றுக்கு 7 புள்ளிகள் உயர்த்தியது. செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ அண்மித்தது. சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. அதற்கு முன்னரே வீட்டுக்கு மேற்கூரை போட்ட வகையிலும் தங்கையின் திருமண வகையிலும் நாம் பட்டிருந்த கடன்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. நிதிக் கம்பனியின் தவணைக்குக் கடனட்டையிற் பணம் எடுத்தோம். கடனட்டையின் குறைந்தபட்சக் கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினோம். மாதம் முடியும்போது எல்லாம் கட்டியாயிற்று என்ற நிம்மதியும் இருந்தது. கடன் பெருகியும் இருந்தது.

ஆடி மாதத்தில் இரு தவணை தவறின. நிதிக் கம்பனியின் கடிதம் எமக்கு வரவில்லை; எமக்காகப் பிணை நின்ற நண்பருக்கு வந்தது. அவர் ஆசிரியர் அறையில் எமக்கு அடுத்த மேசையில் இருப்பவர். இதே கல்லூரியில் எம்மோடு ஒரே வகுப்பிற் படித்தவர். கடிதத்தை அவர் எம்மிடம் காட்டவில்லை. மூன்று நாள் எம்மோடு வழக்கம்போல் தேநீர் அருந்தினார். நான்காம் நாள் அலுவலக உதவியாளர் வாயிலாகவே நாம் அறிந்தோம். அம்மூன்று நாளை நினைக்கும்போது இன்றும் எம் முகம் சுடுகின்றது.

அன்று மாலையே, கணக்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. நாம் ஒன்றரை மணி நேரம் சொன்னதைக் கேட்டபின் அவர், “மாஸ்டர், நீர் இவ்வளவு நேரமும் கதை சொன்னீர், கணக்குச் சொல்லவில்லை. கடனைத் தலையில் வைத்திராதேயும், தாளில் வையும். வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு வாரும்” என்றார். மனைவியை அழைத்துவரச் சொன்னதே எமக்குக் கடினமாயிருந்தது. கடனட்டையின் முழுத்தொகை அவர் அறியாதது.

மறுநாள் தாளில் விழுந்த கணக்கு இது. எம் சம்பளம், இடர்கடன் கழிந்தபின், 48,000 ரூபா, மனைவி தையலாற் பெறுவது 15,000, ஆக 63,000. கடன்கள்: வங்கியில் அடைவு வைத்த நகைக்கு 250,000, கடனட்டைக்கு 180,000, நிதிக் கம்பனிக்கு 150,000, மைத்துனரிடமும் சின்னம்மாவிடமும் பெற்ற கைமாற்று 90,000, சீட்டை முன்னரே எடுத்துவிட்டமையாற் கட்ட எஞ்சியது 50,000, பலசரக்குக் கடைக்கு 30,000. அடைவை விட்டு ஏனையவற்றைக் கூட்ட 5 இலட்சம்.

செலவுக் கணக்கில் நாம் எழுதியது 36,000. மனைவி தாளை வாங்கி, எம் பேனாவையும் வாங்கி, எழுதத் தொடங்கினார்: பிள்ளைகளின் பாடசாலை வான், மூத்தவளின் மூக்குக்கண்ணாடி, தைப்பொங்கல், தீபாவளி, கோயில் உபயம், கலியாண வீடு, செத்தவீடு, சைக்கிள் ரயர், தாயாரின் மருந்து. மாதந்தோறும் வாராது ஆண்டுக்கொருமுறை வரும் செலவுகளையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 7,000 வந்தது. ஆக 43,000. இந்த ஏழாயிரமே திட்டத்தின் உயிர்நிலை. பலருடைய ஒழுங்குகள் இரண்டாம் மாதத்திலேயே குலைவது அவர்களின் மனவுறுதி குறைந்தமையாலன்று. செத்தவீட்டைக் கணக்கில் எழுதாமையால்.

63,000 இல் 43,000 போக எஞ்சியது 20,000. அடைவு வட்டி அக்காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு 24 ஆக, மாதம் 5,000. இதனை முதலிற் கட்டியே ஆகவேண்டும். கட்டாவிடின் நகை ஏலத்துக்குப் போம். உடைமை ஒன்றைப் பிணையாகக் கொண்ட கடனையும், வாடகை, மின்சாரம், தண்ணீர் என்பவற்றின் நிலுவையையும் ஏனைய கடனோடு கலத்தலாகாது. உரத்துக் கேட்பவர்க்கு முதலிற் கொடுப்பது மனித இயல்பு. தவறினால் எது போம் என நோக்கிக் கொடுப்பதே முறை. வீடு போகுமாயின் வீட்டுக்கு முதலிடம். தொலைபேசியில் ஏசுவதற்குமேல் ஒன்றுஞ் செய்ய இயலாதவர்க்குப் பின்னிடம்.

எஞ்சிய 15,000 ஐ 5 இலட்சத்துக்கு விகிதசமமாகப் பங்கிடல் வேண்டும். எட்டாம் வகுப்பில் மூன்று வணிகர் இலாபம் பங்கிடுங் கணக்கைப் படியாதவர் நம்முள் இலர்; மூன்று கடன்காரர் பற்றாக்குறையைப் பங்கிடுங் கணக்கை எவரும் படிப்பிக்கவில்லை. கணக்கு ஒன்றே. இவ்விடத்தில் நாம் பெரியவரோடு ஒரு சிறு வாதஞ் செய்தோம். விகிதத்தின்படி சீட்டுக்கு 1,500 தான் வரும். ஆனாற் சீட்டுக்கு மாதம் 5,000 கட்டவேண்டும். சீட்டில் நாம் குறைத்துக் கட்டினாற் குறைவது வங்கியின் இலாபமன்று. அம்மாதம் சீட்டெடுக்கும் அயல்வீட்டுப் பெண்ணின் கைப்பணம். ஆதலின் சீட்டை முழுதாகக் கட்டுவோமென்றோம். பெரியவர் சிறிது சிந்தித்து இசைந்தார். புத்தகத்து முறையை ஊருக்கேற்ப வளைத்த ஒரேயிடம் அது. பத்து மாதத்திற் சீட்டு முடியும், அதுவரை எஞ்சிய 10,000 மற்றை நால்வர்க்கும்: கடனட்டைக்கு 4,000, நிதிக் கம்பனிக்கு 3,300, கைமாற்றுக்கு 2,000, கடைக்கு 700.

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. கடனட்டையின் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 30 எனின் 180,000 க்கு மாதம் 4,500. நாம் கொடுப்பது 4,000. அஃதாவது, ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருக்க, கடன் மாதம் 500 ரூபா வளரும். ஓட்டைப் பட்டையால் துலா இறைத்த கதை. ஆகவே பங்கீடு மாத்திரம் திட்டமாகாது. வட்டியைக் குறைப்பித்தலே அதன் மறுபாதி. குறைப்பிக்க இயலாதபோது, மற்றையோர்க்குச் சிறிதளவே கொடுத்து, வட்டி மிகக் கூடிய கடனை முதலில் அடைப்பதே கணக்குக்குப் பொருந்தும்.

வங்கிக்கு எழுதிய கடிதத்தில் எம் துன்பத்தை ஒரு வரியில் அடக்கி, வரவு செலவுத் தாளின் பிரதியை இணைத்தோம். அட்டையை வெட்டி அதனையும் உறையுள் வைத்தோம். முதல் மாதத்தின் 4,000 ஐக் கட்டி அப்பற்றுச்சீட்டையும் வைத்தோம். கேட்பதற்கு முன் கட்டுக என்பது பெரியவரின் உபாயம். வெறுங்கையோடு வருபவனைவிடப் பற்றுச்சீட்டோடு வருபவனுக்கு அலுவலர் கதிரை காட்டுவர். இரு மாதத்தின் பின் வங்கி அட்டைக் கணக்கை மூடி, நிலுவையைக் குறைந்த வட்டியில் நிலைத்த தவணைக் கடனாக மாற்றியது. நிதிக் கம்பனி முதலில் மறுத்தது. நான்கு மாதம் தவறாமற் கட்டியபின் தண்ட வட்டியை நிறுத்தித் தவணைக்காலத்தை நீட்டியது. கடைக்காரர் தாளைப் பார்க்கவே இல்லை. “மாஸ்டர், எழுநூறு எண்டாலும் மாதாமாதம் வந்தாற் சரி” என்றார். சின்னம்மா மட்டும் மனம் நொந்தார். காசு பிந்தியதற்கன்று; அவர் பெயரை வங்கியோடு சேர்த்து ஒரே தாளில் எழுதியதற்கு.

பிணை நின்ற நண்பரிடம் இவை எல்லாவற்றுக்கும் முன்னர் சென்றிருக்க வேண்டும். நாம் சென்றது மூன்றாவதாக. இத்திட்டம் கடனாளிக்கு நிழல் தருவதேயன்றிப் பிணையாளிக்குத் தருவதன்று. நாம் குறைத்துக் கட்டக் கட்டக் கம்பனி அவரையே நாடலாம். பிணை என்பது சாட்சிக் கையொப்பமென எண்ணி ஒப்பமிடும் இளம் ஆசிரியர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். அது மற்றொருவர் கடனைத் தன் கடனாக ஏற்கும் ஒப்பம். மாதந்தோறும் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியொன்றை அவர் மேசையில் வைப்பதென நாமே விதித்துக்கொண்டோம். அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

மறைக்காமற் சொல்லவேண்டிய குறைகளும் உள. தவணை குறைத்துக் கட்டிய செய்தி, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவற் பணியகத்தின் ஏட்டில் ஏறும். சில ஆண்டுகளுக்குப் புதிய கடன் பெறுதல் அரிது. எமக்கு அது தண்டனையாகத் தோன்றவில்லை, காவலாகவே தோன்றியது. நகையில் ஒன்றை விற்று மற்றதை மீட்டிருந்தால், மூன்று ஆண்டுகளில் அடைவுக்குக் கொடுத்த ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் வட்டி மிஞ்சியிருக்கும். துணிந்திலம். பின்னர் பொன்விலை பெரிதும் ஏறியமையால் விற்காமை நன்றாய் முடிந்தது. அது பொன்னின் செயல், எம் அறிவன்று. அடைவைப் புதுப்பித்து மேலதிகப் பணம் எடுக்கலாமென இருமுறை ஆசை காட்டப்பட்டது. அதற்கு இணங்காமை மனைவியின் செயல்.

இத்திட்டம் எல்லார்க்கும் ஏற்றதுமன்று. வரவில் செலவு போக ஒன்றும் எஞ்சாதவர்க்குப் பங்கிட என்ன உண்டு? போருக்குப்பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்ற பெண்களின் நிலை அது. கிழமைதோறும் வாசலுக்கு வரும் வசூலிப்பாளரிடம் ‘அம்மா வீட்டில் இல்லை’ என்று சொல்வதற்காகப் பாடசாலைக்கு வராது நின்ற பிள்ளைகளை நாம் வகுப்புப் பதிவேட்டில் அறிவோம். 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018 இல், வரட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் பட்டுத் தவணை தவறிய 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. வட்டிக்கும் ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என வரம்பு கட்டப்பட்டது. 35 என்பதே வரம்பாயின், வரம்பின்றி இருந்தது எத்துணை என வாசகரே எண்ணிக்கொள்க. அத்தகையோர்க்குத் தாளும் பேனாவும் போதா. சட்டமும் தொழிலும் வேண்டும்.

எம் வீட்டுத் தாளை எழுதிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே நாடும் தன் தாளை எழுதிக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரில் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. 2023 மார்ச்சு 20 இல் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இசைந்தது. இந்தியா, யப்பான், பிரான்சு தலைமையிலான கடன்கொடுநர் குழுவோடு 2024 யூன் மாதத்திலும், பிணைமுறி வைத்திருந்தோரோடு அவ்வாண்டின் இறுதியிலும் உடன்பாடு முடிந்தது. பத்திரிகைகளில் அந்நாளிற் படித்த பேச்சுவார்த்தைகளில் ஒரு கொள்கை மீண்டும் மீண்டும் வந்தது: ஒரு கடன்காரருக்கு மற்றொருவரைவிடக் கூடிய சலுகை அளித்தல் ஆகாது என்பது. எம் பலசரக்குக் கடைக்காரர் கேளாது விட்டதை நாடுகள் வற்புறுத்திக் கேட்டன. மாணாக்கர் பொருளியற் பாடத்தில் இதனைப் படிக்கும்போது வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் படித்தால் விரைவில் விளங்கும். ஒரு வேற்றுமை மாத்திரம் உண்டு, வீட்டுக்காரர் தாம் பட்ட கடனைத் தாமே தீர்க்கிறார்.

2022 ஆவணி தொடங்கி 2025 கார்த்திகை வரை நாற்பது மாதம் சென்றன. சீட்டு முடிந்தபின் 15,000 உம் நால்வர்க்குப் பங்காயிற்று. பரீட்சை விடைத்தாள் திருத்திய பணம் வந்தபோதெல்லாம் கடைக்கும் சின்னம்மாவுக்கும் சென்றது. அவர்களின் கடன் முதலில் முடிந்தது. மீதி இரண்டும், விகிதப் பங்கீட்டின் இயல்பின்படி, ஏறக்குறைய ஒரே காலத்தில் முடிந்தன. நகை இன்னும் பாதி வங்கியில் உண்டு.

கணக்கு முடிந்ததென்றும் பிணையாளி விடுவிக்கப்பட்டாரென்றும் நிதிக் கம்பனி அனுப்பிய கடிதத்தைக் கார்த்திகை இறுதியில் நண்பரின் மேசையில் வைத்தோம். ஐந்தாம் பாடத்துக்கு மணி அடித்தது. அவர் அதைப் பிரித்துப் படியாமலே நான்காக மடித்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றார்.